சோணமுத்து போட்ட தமுக்கு

ஒரே ஒரு ஊரு, அந்த ஊருக்கு மேல கடல் மாதிரி ஒரு கண்மாய். ஊரு பேரு நெடுங்கரைப்பட்டி. அந்த ஊர்ல சோணமுத்துன்னு ஒருத்தன் இருந்தானாம். தெருத்தெருவா தமுக்கு அடிச்சு சேதி சொல்றது அவன் வேலை. மாடு காணாமப் போச்சுன்னா அவன் தான் சொல்லணும், மடை தொறக்கப் போறாங்கன்னா அவன் தான் சொல்லணும். அவன் ஒண்ணு சொல்லிட்டான்னா, ஊரு அதை ரெண்டாவது ஆளுகிட்ட கேக்காது. அம்புட்டு நம்பிக்கை.

ஆனா அவனுக்கு ஒரு ஆசை. என்ன ஆசை? அரமணை வாசல்ல ஒரு பெரிய செப்பு முரசு இருக்குல்ல, பட்டுத் தலைப்பா கட்டிக்கிட்டு அதை அடிக்கணும். பன்னெண்டு வருசமா அதே நெனப்பு. சோறு திங்கும்போதும் விரல் தரையில தட்டிக்கிட்டே இருக்குமாம். பொண்டாட்டி சோலையம்மா, "முதல்ல கஞ்சியக் குடி, அப்புறம் முரசடி"ன்னு திட்டுவாளாம்.

அந்த வருசம் மழை ஒன்பது நாள் விடாமப் பேஞ்சுச்சு. கண்மாய் ததும்புது. ஜனங்களுக்குப் பயம். அப்ப மந்திரி சோணமுத்தைக் கூப்பிட்டு விட்டாரு. கையில ஒரு பட்டுத் தலைப்பாவக் குடுத்தாரு.

"டேய் சோணமுத்து, கரை பலமா இருக்கு, யாரும் ஊரை விட்டுப் போக வேண்டாம்னு தமுக்குப் போடு. நாளைக்கே செப்பு முரசு உனக்குத்தான்."

இவனுக்குக் காலு தரையில நிக்கல. தலைப்பாவக் கட்டிக்கிட்டு நேரா கண்மாய்க்கரைக்குப் போனான். ஏன் போனான்? எதையும் ஒருதரம் பாத்துட்டுத் தான் சொல்லுவான், அது அவன் பழக்கம். போய்ப் பாத்தா, மடைக்குப் பக்கத்துல கரை விரிசல் விட்டு, சேறும் தண்ணியுமா ஒழுகுது. கையை விட்டுப் பாத்தான், முழங்கை வரைக்கும் உள்ள போச்சு.

ஆனாலும் புள்ளைகளா, பன்னெண்டு வருசத்து ஆசையில்ல? தலைப்பாவை இறுக்கிக் கட்டிக்கிட்டு மேலத்தெருவுக்குப் போனான். டம் டம் டம்! "கரை..."ன்னான். அதுக்கு மேல வாய் வரல. இருமிக்கிட்டே நகந்துட்டான்.

நடுத்தெருவுக்குப் போனான். டம் டம் டம்! "கரை..."ன்னான். அங்கயும் மிச்சம் வெளிய வரல. தமுக்கைத் தோள்ல மாட்டிக்கிட்டு நகந்துட்டான்.

கீழத்தெருவுக்குப் போனான். அது தான் கரைக்கு நேர் கீழ இருக்கு. அங்க வெள்ளத்தாயின்னு ஒருத்தி, பொறந்து ஏழே நாளான புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு, மூட்டையோட வாசல்ல நிக்கிறா.

"அண்ணே, நீ சொல்றதுக்குத் தான் காத்திருக்கேன். மூட்டைய எடுக்கவா, வைக்கவா?"

சோணமுத்து அந்தப் புள்ளையப் பாத்தான். தலைப்பாவை அவுத்தான், மழையில நனையற புள்ளை மேல போத்துனான். அப்புறம் தமுக்கை எடுத்து அடிச்சான் பாரு, கை வலிக்க வலிக்க!

"கரை ஒடையப் போகுது! நான் கண்ணால பாத்தேன்! எல்லாரும் கோட்டை மேட்டுக்கு ஏறுங்க! ஆடு மாட்டை அவுத்து விடுங்க!"

கீழத்தெரு ஏறுச்சு, நடுத்தெரு ஏறுச்சு, மேலத்தெருவும் ஏறுச்சு. கெழவிகளைத் தூக்கிக்கிட்டு ஏறுனாங்க, கோழியக் கூடையில அடைச்சுக்கிட்டு ஏறுனாங்க. கடைசியா சோலையம்மா கையப் புடிச்சுக்கிட்டு இவன் ஏறுனான். "முரசு போச்சுடி"ன்னான். அவ கையை இன்னும் இறுக்கிப் புடிச்சுக்கிட்டா.

மேட்டுல, அரமணை வாசல்ல மந்திரி நின்னாரு. ரெண்டு சேவகனை விட்டு அவன் கையைக் கட்டி, ராசா முன்னால தள்ளுனாரு. "மகாராசா, இவன் பொய்ச் சேதி சொல்லி ஊரையே கலைச்சுட்டான். நாக்கை அறுக்கணும்!"

ராசா கேட்டாரு, "ஏம்ப்பா, மந்திரி சொன்னதைச் சொல்லலையா நீ?"

"இல்லைங்க ராசா. அவரு சொன்னதைச் சொன்னா முரசு கெடைக்கும். ஆனா நான் முரசுக்கு ஆசைப்பட்டதே, என் சொல்லை ஊரே கேக்கணும்னு தானுங்க. பொய்யைச் சொல்லிட்டு அந்த முரசை வாங்கி என்ன பண்ண?"

சொல்லி வாய் மூடல, மலை உருண்ட மாதிரி ஒரு சத்தம். கரை ஒடைஞ்சுருச்சு! கோட்டை மதில் மேல ஏறிப் பாத்தா, கீழத்தெரு இருந்த எடத்துல வெறும் தண்ணி.

ராசா பதறி, "கீழ எத்தனை பேரு?"ன்னு கேட்டாரு.

தெருத்தெருவா தலையை எண்ணுனாங்க. எண்ணி முடிச்சு ஒருத்தர் கத்துனாரு, "ஒருத்தரும் இல்லைங்க ராசா! எல்லாரும் மேல இருக்கோம்!"

அம்மாடி! ராசா அப்படியே படியில உக்காந்துட்டாரு. ஜனங்க அழுதாங்க, சிரிச்சாங்க. வீடு போனதைப் பத்தி ஒருத்தரும் பேசல. கட்டை அவுத்து விட்டதும் சோணமுத்து விட்டான் பாரு ஒரு மூச்சு, ஒன்பது நாள் மழையும் அந்த மூச்சோட ஓஞ்ச மாதிரி இருந்துச்சு.

அப்புறம் ராசா திரும்புனாரு. "மந்திரி, கரைக்குப் போடச் சொல்லி நாப்பது வண்டி கல்லு குடுத்தேனே, எங்க?"

கூட்டத்துல வண்டியோட்டி ஒருத்தன், "அவரு மாந்தோப்பைச் சுத்தி மதிலா நிக்குதுங்க, நான் தான் எறக்குனேன்"னுட்டான். அதை மறைக்கத் தான் அந்தப் பொய்!

"நல்லது. மதிலை இடி. ஒவ்வொரு கல்லையும் நீயே சுமந்து கரையக் கட்டு. கட்டி முடியிற வரைக்கும் அந்தக் கரைக்குக் கீழயே குடிசை போட்டுப் படு"ன்னாரு ராசா.

சோணமுத்தைக் கூப்பிட்டு செப்பு முரசைக் குடுத்தாரு. "இதுல என்னைக்கும் பொய் அடிக்கச் சொல்ல மாட்டேன்"னு எல்லாரு முன்னாலயும் வாக்கும் குடுத்தாரு. மறுநாள் அரமணை வாசல்ல சோணமுத்து மொத மொதல்ல என்ன சேதி சொன்னான் தெரியுமா?

டம் டம் டம்! "இதனால சகலருக்கும் சொல்றது என்னன்னா... மந்திரி கல்லு சுமந்துக்கிட்டு வாராரு, வழி விடுங்கோ!"

தண்ணி வடிஞ்சுச்சு, ஊரு எந்திரிச்சுச்சு. ஆசைப்படுங்க கண்ணுகளா, நல்லாவே ஆசைப்படுங்க. நீங்க யாருங்கிறதை வித்துட்டு மட்டும் அதை வாங்காதீங்க. கதை கரை சேந்துச்சு, கண்ணை மூடுங்க.