ஜெபஸ்டினின் முதல் வாசிப்பு

குளச்சல் பக்கத்தில் கல்யாண பேண்டு வாசிக்கிறவன் ஜெபஸ்டின். அவன் டிரம்பெட்டை எடுத்தால், பந்தல் வாசலில் தொடங்கிய நாதம் மாப்பிள்ளை மேடையேறும்வரை அறாது.

பிறந்தநாளுக்கு, அதே குழுவில் டிரம் அடிக்கும் நண்பன் டெல்வின் அவனுக்கு ஒரு மின்சிகரெட் பரிசளித்தான். மாம்பழ வாசனை. புகையில்லை, வெறும் ஆவிதான் என்று இருவருமே நம்பினார்கள். எட்டு மாதத்தில் ஜெபஸ்டினை விடாத இருமல் பிடித்தது. ஒரு கல்யாணத்தில் பாதி வழியிலேயே மூச்சு தீர்ந்துபோக, மாப்பிள்ளையும் நடப்பதா நிற்பதா என்று தெரியாமல் விழித்தார்.

வெட்கம் தாங்காமல் ஜெபஸ்டின் வாக்குக் கொடுத்தான். இந்தப் பழக்கத்தை விடவைப்பவர் வீட்டு விசேஷத்தில்தான், மூச்சு திரும்பியபின் முதல் வாசிப்பு.

அக்கா புளோரா அன்றே மின்சிகரெட்டைப் பிடுங்கிப் பீரோவில் பூட்டினாள். விற்கத் தடை இருந்தும், மறுநாளே அவன் எங்கிருந்தோ இன்னொன்று வாங்கிவிட்டான்.

இருமலுக்காக அவன் போய்ப் பார்த்த நெஞ்சக மருத்துவர் வான்மதி அதட்டவில்லை. "அது ஆவி இல்ல தம்பி. அந்தத் திரவம் சூடானா நிகோட்டினோட வேற ரசாயனங்களும் நுரையீரலுக்குள்ள போகும். மாம்பழ வாசனைக்குச் சேர்க்குறது வயித்துக்கு ஒத்துக்கலாம். நுரையீரல் என்ன வயிறா?"

ஜெபஸ்டின் மின்சிகரெட்டை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தான். ஐந்தாம் நாள் ஏக்கம் வென்றது, மறுபடி இழுத்தான். ஆனால் அன்றே மருத்துவரை அழைத்து ஒப்புக்கொண்டான். அவர் ஏக்கம் தணிய மருந்து எழுதித் தந்து, சாயங்காலங்களில் தனியாக இருக்காமல் ஒரு துணை தேடிக்கொள்ளச் சொன்னார்.

துணைக்கு வந்தவன் டெல்வின். தானும் இழுத்துவந்த மின்சிகரெட்டை விட்டொழித்தான். இரண்டு மாதம், ஒரு நாள் தவறாமல், நண்பனைக் கடற்கரையில் நடக்கவைத்தான்.

மூச்சு திரும்பியது. அந்த மாதமே அக்காவின் புதுவீட்டுப் பால்காய்ப்பு, மருத்துவர் மகளின் கல்யாணம், டெல்வின் குழந்தையின் ஞானஸ்நானம். மூவருமே உரிமை கேட்டார்கள். மருத்துவர் மட்டும் சிரித்துக்கொண்டே கேட்டார்.

நீங்களே சொல்லுங்கள்: முதல் வாசிப்பு யார் வீட்டில் நடப்பது நியாயம்?

விடை: மருத்துவர் வீட்டில்தான். அக்கா மின்சிகரெட்டைத்தான் பிடுங்கினாள். ஆசை அவனிடமே இருந்தது. மருத்துவர் சொன்ன உண்மையால்தான் அவன் தானாகக் கீழே வைத்தான், தவறியபோதும் தானாகத் திரும்பி வந்தான். துணை தேடச் சொன்னதும் அவர்தான். டெல்வின் பட்ட பாடு பெரிது. ஆனால் பழக்கிவிட்டவனும் அவனே. அதை அவனே சொன்னான்: "குழியில தள்ளுனவன் நான். தூக்கிவிட்டதுக்குப் பரிசு கேட்டா நல்லாவா இருக்கும்?" அக்காதான் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், பால்காய்ப்பில் நிறுத்தாமல் இரண்டு மணி நேரம் வாசிக்க வேண்டும் என்று தண்டனை விதித்துவிட்டு, தம்பிக்குச் சோறு போட்டாள்.