சாம்பார் ஊசிப்போன பந்தி

குருவிமலை மடத்தில் குருவைவிடச் சீடருக்கு இருபத்து மூன்று வயது அதிகம். குரு மங்கையம்மாளுக்கு நாற்பத்தொன்று. சீடர் செவந்திலிங்கம், மின்வாரியத்தில் ஓய்வு பெற்றபின் தாடி வளர்த்து, காவி கட்டி மலையேறியவர்.

மடத்தில் விதிகள் குறைவு. ஒன்று மட்டும் படு கறார்: இலை விரித்துவிட்டால் யாரும் வாய் திறக்கக் கூடாது. சோறு வேண்டுமா, ரசம் போதுமா, எல்லாம் சைகைதான். எட்டே மாதத்தில் செவந்திலிங்கத்துக்கு இது ஊறிப்போய்விட்டது. அடிவாரத்து ஓட்டலில்கூட இலையைக் கண்டால் ஊமையாகிவிடுவார். சர்வர் பாவப்பட்டு அவருக்கு ஒரு அப்பளம் கூடுதலாக வைப்பான்.

ஒரு நாள் காலை அவர் குருவின் முன் வந்து நின்றார்.

"அம்மா, போன காலத்துக்குத் திரும்பிப் போக ஏதாவது சித்தி இருக்கா?"

"எந்தக் காலத்துக்கு ஐயா?"

"பத்தொன்பது வருஷம் முன்னாடி. என் தம்பி தணிகாசலத்தோட மகள் கல்யாணம். பந்தியில உட்கார்ந்துக்கிட்டு, 'சாம்பார் ஊசிப்போச்சு, யாரும் சாப்பிடாதீங்க'ன்னு கத்திட்டேன். சாம்பாருக்கு ஒண்ணுமே இல்லை. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பாதி இலையில எழுந்துட்டாங்க. அன்னிக்கு என்கூடப் பேச்சை நிறுத்தினவன்தான் தம்பி. போன மாசம் அவனுக்கு நெஞ்சுவலி வந்துச்சாம். அதைக்கூட அடுத்தவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியுது."



"போய் என்ன செய்வீங்க?"

"கத்த விடாம என்னை நானே தடுப்பேன்."

"தடுத்துட்டா சண்டையே இல்லை. சண்டை இல்லைன்னா திரும்பிப் போகணும்னு உங்களுக்கு ஏன் தோணப்போகுது? தோணாத ஆள் எப்படிக் கிளம்பிப் போய்த் தடுப்பார்?"

செவந்திலிங்கம் மூன்று நாள் இதையே யோசித்தார். சமையல் முறை அவருடையது. அந்த மூன்று நாளும் மடத்துக்குக் கிடைத்தது அடிப்பிடித்த உப்புமாதான். மற்ற சீடர்கள் விதிப்படி வாய் திறக்காமல் தின்றார்கள், கண்ணால் மட்டும் திட்டினார்கள்.

நான்காம் நாள் மறுபடி வந்தார்.

"எனக்கு ஒண்ணும் புரியலை அம்மா. ஆனா போகணும்."

குரு மறுக்கவில்லை. அவரைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்துப்போய், ஓர் இலையை விரித்து அதன் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"இப்போ நான்தான் நீங்க. வயசு நாற்பத்தஞ்சு. இது மடம் இல்லை, கல்யாணப் பந்தி. சோத்துல சாம்பாரை ஊத்திப் பிசையுறேன். வாங்க, வந்து தடுங்க."

செவந்திலிங்கம் ஓடி வந்தார். வாயைத் திறந்தார். கண் இலையில் பட்டது. வாய் தானாக மூடிக்கொண்டது. விரலை உதட்டில் வைத்துத் தலையைப் பலமாக ஆட்டினார். போதாதென்று இரண்டு கைகளையும் வேண்டாம் வேண்டாம் என்று வீசினார்.

குரு, பிசைந்துகொண்டிருந்த இல்லாத சோற்றை உதறினார்.

"ஐயையோ, சாமியார் சாப்பிட வேண்டாங்கிறாரே! சாம்பார்ல என்னவோ ஆயிடுச்சு!"

செவந்திலிங்கம் தொப்பென்று தரையில் உட்கார்ந்தார். குரு இலையைச் சுருட்டி எடுத்த பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது.

"அம்மா, அன்னிக்குப் பந்தி முனையில காவி கட்டின கிழவர் ஒருத்தர் நின்னார். என்னைப் பார்த்து இதே மாதிரிதான் கையை ஆட்டினார். அதைப் பார்த்துத்தான் நான் கத்தினேன்."

"இதை ஏன் முதல்லயே சொல்லலை?"

"சாமியார் மேல பழியைப் போடுறேன்னு நினைச்சுடுவீங்களோன்னு. ஆனா பத்தொன்பது வருஷமா அந்தாளைத் திட்டாத நாள் இல்லை அம்மா."

"முகம் ஞாபகம் இருக்கா?"

"முகத்தைத் தாடி மறைச்சிருந்தது."

சொல்லிக்கொண்டே தன் தாடியைத் தடவியவரின் கை அங்கேயே நின்றுவிட்டது.

"அப்போ நான் போகவே கூடாது!"

"நீங்க போகலைன்னா அங்கே வந்தது யாரு?"

"தாடியை எடுத்துட்டா?"

"மறுபடி வளரும்."

"போனாலும் வம்பு, போகாட்டாலும் கணக்கு இடிக்குது. நான் என்னதான் செய்யறது?" செவந்திலிங்கம் அழாத குறை.

குரு அவர் தாடியை உற்றுப் பார்த்தார்.

"அந்தக் கிழவர் தாடி இவ்வளவுதான் இருந்ததா?"

"இல்லை. நெஞ்சைத் தொட்டுச்சு."

"அப்படின்னா அதுக்கு இன்னும் ரெண்டு மூணு வருஷம் கிடக்கு. உங்க தம்பி ஊருக்கு இன்னிக்கு மத்தியானமே பஸ் இருக்கு."

"அவன் பேசலைன்னா?"

"பேசாட்டியும் அண்ணனுக்கு ஒரு இலை போடுவார். விதி இந்த மடத்தோட சரி. அங்கே வாயைத் திறந்து, சாம்பார் நல்லாருக்குன்னு சொல்லுங்க."