ஏழாவது வரி

தேவகோட்டைக்கு வெளியே கண்மாய்க்கரையை ஒட்டி உமையாள் அம்மையின் ஆசிரமம் இருந்தது. ஆறு அறைகள், ஒரு கூடம், பின்பக்கம் கொஞ்சம் கத்திரிச் செடிகள். அம்மைக்கு நாற்பத்தெட்டு வயது. முன்பு கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவர்.

அவரிடம் வந்தவர்களில் வயதில் மூத்தவர் வைரவன். பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்து மூன்று வயதாகிறது. நான்கு ஆண்டுகளாக வெள்ளிக்கிழமை தவறாமல் வந்துகொண்டிருந்தார். தை மாதம் நெஞ்சுவலி வந்து இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். அதன்பிறகு இரண்டு மாதம் வரவில்லை.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தார். சற்று மெலிந்திருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் ஒரு தாள்.

மருத்துவமனையில் படுத்திருந்தபோது வைரவனுக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. தனக்குப் பிறகு இந்த வீடு திசைக்கொன்றாகப் போய்விடும் என்ற பயம். பார்க்க வந்த மகன் கதிரவன், தன் கம்பெனியில் எல்லோரும் உட்கார்ந்து மிஷன் ஸ்டேட்மென்ட் எழுதியதைப் பேச்சுவாக்கில் சொன்னான். நாம் யார், எதற்காக இருக்கிறோம், எப்படி நடந்துகொள்வோம் என்று ஒரே தாளில் எழுதி வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்களாம். வைரவன் அதைப் பிடித்துக்கொண்டார். கம்பெனிக்கு ஒன்று இருக்கும்போது குடும்பத்துக்கு ஏன் இருக்கக் கூடாது?

வீடு திரும்பியதும் எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். கடைசியில் ஒன்பது வரி தேறியது. மனைவி அலமேலு படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். கதிரவனும் போட்டான். திருநெல்வேலியில் இருக்கும் மகள் தேன்மொழிக்குக் கூரியரில் அனுப்பினார்.

பத்தாம் நாள் தாள் திரும்பி வந்தது. கையெழுத்து இல்லை. ஏழாவது வரிக்குப் பக்கத்தில் மட்டும் பென்சிலால் ஏதோ எழுதியிருந்தது.

"படிங்க," என்றார் அம்மை.

வைரவன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "நம் வீட்டுக் கதவு நம் எல்லோருக்கும் எப்போதும் திறந்திருக்கும். இது நான் எழுதினது. அதுக்குப் பக்கத்துல அவ எழுதியிருக்கா, 'எப்போதிலிருந்து அப்பா?'னு."

மூன்று வருடங்களுக்கு முன் தேன்மொழி தன்னோடு வேலை பார்த்த செல்வின் என்ற ஆசிரியரைத் திருமணம் செய்துகொண்டாள். வைரவன் திருமணத்துக்குப் போகவில்லை. அலமேலுவும் கதிரவனும் போனார்கள். இதெல்லாம் அம்மைக்குத் தெரியும்.

"போகாதது என் தப்புத்தான். ஆனா வீட்டுக்கு வரக் கூடாதுன்னு நான் ஒரு வார்த்தை சொன்னதில்லம்மா," என்றார் வைரவன். சற்றுப் பொறுத்து அதையே இன்னொரு முறையும் சொன்னார். பிறகு, அந்த வரியை எடுத்துவிடலாமா அல்லது மகளுக்கு விளக்கமாக ஒரு கடிதம் எழுதலாமா என்று கேட்டார்.

அம்மை உள்ளே போய் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்தார். ஒன்பது வரியையும் மறுபடி எழுதச் சொன்னார். ஒரே ஒரு மாற்றம்தான். செய்வோம் என்று இருப்பதையெல்லாம் செய்தோம் என்று எழுத வேண்டும். எழுத முடியாத வரியை அப்படியே விட்டுவிடலாம்.

"அஞ்சாம் வகுப்பு இலக்கணம் மாதிரி இருக்கே," என்று வைரவன் சிரித்தார். புங்கை மரத்தடியில் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

முதல் வரி, வந்தவர்களுக்குச் சோறு போடுவோம். போட்டோம் என்று எழுதினார். கண்மாய் உடைந்த வருடம் மண்மூட்டை சுமந்த ஆட்களுக்கு அலமேலு பதினொரு நாள் உலை வைத்தது நினைவுக்கு வந்தது. இரண்டாவது, பிள்ளைகளைப் படிக்க வைப்போம். வைத்தோம். மூன்றாவது, நோயில் ஒருவரையொருவர் கைவிட மாட்டோம். கைவிடவில்லை என்று எழுதும்போது கை நின்றது. அவருடைய அம்மா ஆறு வருடம் படுக்கையில் கிடந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல் அந்தப் பாட்டிக்குக் கஞ்சி ஊட்டியவள் தேன்மொழி.

நான்காவது, கோபத்தில் முடிவெடுக்க மாட்டோம். அதை எழுதாமல் தாண்டினார். ஐந்தும் ஆறும் எளிதாக வந்தன.

ஏழாவது வரியில் பேனா நகரவில்லை.

சாப்பாட்டு மணி அடித்தது. மற்றவர்கள் கூடத்துக்குப் போனார்கள். வைரவன் எழுந்திருக்கவில்லை. வெகுநேரம் கழித்து அம்மை ஒரு முறத்தில் முருங்கைக்கீரையோடு வந்து, பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்து ஆயத் தொடங்கினார்.

"இது எழுத வரலம்மா," என்றார் வைரவன்.

அம்மை அடுத்த கொத்தை எடுத்தார்.

வைரவன் சொல்ல ஆரம்பித்தார். திருமணம் முடிந்து இரண்டு மாதம் இருக்கும். ஐப்பசி மழை. அலமேலு கோயிலுக்குப் போயிருந்தாள். இவர் கூடத்தில் ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். கிரில் கேட் உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. வெளியே தேன்மொழியின் குரல் கேட்டது. அப்பா, அப்பா என்று மூன்று தடவை கூப்பிட்டாள். இவர் ரேடியோவை நிறுத்தினார். ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தார். அந்தப் பையன் குடையை அவளுக்கு மட்டும் பிடித்துக்கொண்டு தான் நனைந்தபடி நின்றான். கால் மணி நேரம் நின்றார்கள். பிறகு போய்விட்டார்கள்.

"அலமேலுவுக்குத் தெரியாது. நான் யாருகிட்டயும் சொன்னதில்ல."

"மக சொல்லலையா?"

"அவளும் சொல்லல. மூணு வருஷமா அவ அம்மாகிட்டகூடச் சொல்லல."

அம்மையின் விரல்கள் நின்றன. பிறகு முறத்தை இருவருக்கும் நடுவில் வைத்தார். வைரவன் ஒரு கொத்தை எடுத்து உருவினார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கீரை ஆய்ந்தார்கள்.

"இந்த வரியை அடிச்சிடறேம்மா," என்றார் வைரவன்.

"வேண்டாம்."

"அப்புறம் என்ன எழுதறது?"

"எழுதறதுக்கு இதுல ஒண்ணும் இல்லையே ஐயா," என்றார் அம்மை. "திருநெல்வேலிக்குக் காலைல எத்தனை மணிக்கு பஸ்?"

அன்று மாலை வைரவன் அலமேலுவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். அடுத்த இரண்டு நாளும் அவரோடு பேசவில்லை. திங்கட்கிழமை காலையில் ஒரு பையில் அவருடைய துணியையும் மாத்திரைகளையும் எடுத்துவைத்து வாசலில் கொண்டுவந்து வைத்தாள். அவர் அவளையும் கூப்பிட்டார்.

"நீங்களே போய்ச் சொல்லுங்க," என்றாள். "நான் வந்தா அவ என் மொகத்தைப் பாத்துத்தான் பேசுவா."

பாளையங்கோட்டையில் மகள் வீட்டில், அன்று பள்ளியிலிருந்து முன்னதாகவே வந்திருந்த செல்வின்தான் கதவைத் திறந்தான். ஒரு கணம் திகைத்தவன், உள்ளே வாருங்கள் என்று சொல்லி அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான். தேன்மொழி பள்ளியிலிருந்து வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. இரண்டு பேரும் மின்விசிறிக்கு அடியில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். பயணம் எப்படி இருந்தது என்று செல்வின் இரண்டு முறை கேட்டான்.

அவள் வந்ததும் வைரவன் எழுந்து நின்றார். பஸ்ஸில் வரும்போது சேர்த்துவைத்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை.

"அன்னைக்கு மழையில நீங்க வந்தப்ப நான் வீட்லதான் இருந்தேன்," என்றார்.

"தெரியும்ப்பா. ரேடியோ நின்னுச்சே."

"அம்மாகிட்ட ஏம்மா சொல்லல?"

தேன்மொழி கைப்பையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். "சொன்னா, அவங்க அப்புறம் எப்படிப்பா உங்ககூட இருப்பாங்க?"

வைரவன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். டீ போட உள்ளே போன செல்வின், மூன்று டம்ளரோடு சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டான். வெளியே வரலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் அங்கே இருந்தார். தேன்மொழி அதிகம் பேசவில்லை. இரண்டாம் நாள் அவருடைய மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்துவிட்டு, மத்தியான மாத்திரையை விட்டதற்காகக் கண்டித்தாள். அந்தக் கண்டிப்பு அவருக்கு ஆறுதலாக இருந்தது. தாளைப் பையிலிருந்து அவர் வெளியே எடுக்கவே இல்லை. பஸ் ஏற்றிவிட வந்தபோது, சனிக்கிழமை நாங்க ரெண்டு பேரும் வர்றோம் என்று ஜன்னல் வழியாகச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை வைரவன் ஆசிரமத்துக்கு முதல் ஆளாக வந்தார். அம்மை கத்திரிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் வைரவன் நின்றபடியே சொல்லி முடித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து, பாதி எழுதியிருந்த ஒரு புதுத்தாளை எடுத்தார். நாளைக்கு எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், கதிரவனும் வருகிறான். ஒன்பது வரியையும் புதிதாக எழுதிவிட்டால் நாளை எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு விடலாம். அம்மை ஒரு பார்வை பார்த்துத் திருத்திக்கொடுத்தால் நன்றாக இருக்கும் என்றார். மீதியை நாளைக் காலையில் உட்கார்ந்து முடித்துவிடுவாராம்.

அம்மை கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். ஆனால் படிக்கவில்லை.

"மக எத்தனை மணிக்கு வர்றா?"

"சொல்லலம்மா. எந்த பஸ்னு தெரியல."

அம்மை தாளை இரண்டாக மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப நாளைக்கு எழுத நேரம் இருக்காது ஐயா. காலையிலேருந்தே நீங்க கேட் பக்கத்துல நிக்கணும்ல."