வேடியப்பனின் தக்காளித் தொக்கு

பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று தக்காளி விலை விழுந்த வருடம், பாலக்கோட்டுப் பக்கத்து விவசாயி வேடியப்பன் விளைந்த வயலை மாடு மேய விட்டுவிட்டான். மறுவருடம் அவனும் மனைவி முனியம்மாவும் பழத்தைத் தொக்காகக் கிளறி பாட்டிலில் அடைத்தார்கள். ருசி பார்த்தவர்கள் விரலைச் சப்பினார்கள். ஆனால் மூன்றே வாரத்தில் மூடி உப்பியது. திறந்தால் நுரை.

தெரிந்தவர்கள் மாதம்மாளிடம் போகச் சொன்னார்கள். பல வருடமாக ஊறுகாய் போட்டு விற்கிறவள். வாரம் ஒருநாள் தன் கொட்டகையில் சின்ன வியாபாரிகளுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தாள். கட்டணம் கிடையாது.

அதுதான் வேடியப்பனை உறுத்தியது.

"சும்மா எவ சொல்லித் தருவா? நம்ம பக்குவத்தைத் தெரிஞ்சுக்கிட்டு அவ பேர்ல விக்கத்தான்."

"அப்ப பூண்டை மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள் முனியம்மா.

பச்சைப் பூண்டை நசுக்கி எண்ணெயில் ஊறவைத்து, தொக்கை இறக்கிய பிறகு கலப்பார்கள். அந்த வாசனைக்காகத்தான் ஊரார் அவர்கள் தொக்கைக் கேட்டு வந்தார்கள்.

முதல் நாள் அவன் கொண்டுபோன தொக்கை வகுப்பே ருசி பார்த்தது. மாதம்மாளும் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு நோட்டைத் திறந்தாள்.

"என்னென்ன போடுறீங்க அண்ணே?"

தக்காளி, புளி, மிளகாய்த்தூள், நல்லெண்ணெய், கடுகு, வெந்தயம், உப்பு. சொல்லி நிறுத்தினான்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

எழுதிக்கொண்டாள். வெறும் பாட்டிலைக் கொதிநீரில் போட்டெடுக்கச் சொன்னாள். தொக்கைச் சூடு ஆறாமல் ஊற்றச் சொன்னாள். மூடியபின் கொதிக்கிற தண்ணீரில் நிறுத்தி எடுக்கச் சொன்னாள். எல்லாவற்றையும் செய்தான். மறுபடியும் உப்பியது. இரண்டு பெட்டி எடுத்திருந்த ஓசூர்க் கடைக்காரர் இரண்டையும் திருப்பி அனுப்பினார்.

"இன்னொரு தடவை இப்படின்னா இந்தப் பக்கமே வராதீங்க."

அதே வகுப்புக்கு வந்த செல்லக்கிளியின் நெல்லிக்காய் ஊறுகாய் மூன்று மாதமாகக் கெடாமல் இருந்தது. ஆக, வேண்டியவர்களுக்கு மட்டும் ஏதோ சொல்லியிருக்கிறாள். வேடியப்பனுக்கு அதில் சந்தேகமே இல்லை. வகுப்புக்கு முன்னதாகவே போய்க் கொட்டகையின் தட்டி இடுக்கில் பார்த்தான். அலமாரி டப்பாக்களை ஒவ்வொன்றாக மோந்தான். குப்பைக் குழியைக் குச்சியால் கிளறினான். புளிச் சக்கையும் தக்காளித் தோலும்தான் வந்தன. என்ன சாமர்த்தியமாக ஒளிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

அன்று எல்லார் முன்னாலும் எழுந்து நின்றான்.

"டீச்சர், நீங்க சொன்னது அத்தனையும் செஞ்சேன். ஏதோ ஒண்ணை எங்களுக்குச் சொல்லாம வெச்சிருக்கீங்க."

மாதம்மாள் கோபப்படவில்லை.

"அடுத்த வாரம் உங்க வீட்டுச் சாமானோட வாங்க அண்ணே. வகுப்பை நீங்க எடுங்க. நான் எழுதிக்கறேன்."

அடுத்த வாரம் அவன் கிளற, பதினோரு பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். மாதம்மாள் கீழே அமர்ந்து ஒரு மாணவியைப்போல எழுதினாள். எண்ணெய் பிரிந்ததும் சட்டியை இறக்கினான். பூண்டு பையின் அடியில் கிடந்தது. அவன் எடுக்கவில்லை.

"அவ்வளவுதான்."

ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தான். செல்லக்கிளி முகம் சுளித்தாள்.

"அன்னைக்குக் குடுத்தது இது இல்லையே. இது சாதாரணத் தொக்கு."

வேறொருவர் ஆமாம் என்றார். யாரும் இரண்டாவது தரம் தொடவில்லை.

வேடியப்பனுக்குக் காது சூடேறியது. கடைக்காரர் பெட்டியைத் திருப்பியபோதுகூட இப்படி வலித்ததில்லை.

"இது இன்னும் முடியல" என்றான். பையில் கைவிட்டு, எண்ணெயில் ஊறிய பூண்டை எடுத்து வெளியே வைத்தான்.

"இதை எப்போ போடுவீங்க?" என்றாள் மாதம்மாள்.

"இறக்கினதுக்கப்புறம்."

"பச்சையாவா!" என்றாள் செல்லக்கிளி. "அப்புறம் உப்பாம என்ன செய்யும்?"

மாதம்மாள் சட்டியை மறுபடி அடுப்பில் ஏற்றி, பூண்டை அதில் கொட்டி, கரண்டியை அவன் கையில் கொடுத்தாள். பச்சை வாசனை போகும்வரை கிளறினான். வாசனை கொஞ்சம் மாறித்தான் போனது. ஆனால் இரண்டு மாதம் கழித்தும் பாட்டில் மூடிகள் சமமாக நின்றன. ஓசூர்க் கடைக்காரர் இன்னும் கேட்டு ஆள் அனுப்பினார்.

வேடியப்பன் இரண்டு பாட்டிலோடு மாதம்மாளைப் பார்க்கப் போனான். அவள் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் மறைக்கறேன்னு முதல் நாளே தெரியுமா டீச்சர்?"

"பூண்டை விட்டுட்டீங்கன்னு நாக்குல தெரிஞ்சது. எப்பப் போடுறீங்கன்னுதான் பிடிபடல."

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டேனே."

கொண்டுவந்த பாட்டில்களை லேபிள்களுக்குப் பக்கத்தில் வைத்தான். பிறகு மனசு தாங்காமல் சொன்னான்.

"நான் உங்களைத்தான் சந்தேகப்பட்டேன். அடுப்பிலிருந்து இறக்கினதுக்கப்புறம் எதையோ கலக்கறீங்க, அதை மட்டும் சொல்ல மாட்டேங்கறீங்கன்னு ராப்பகலா அதே நினைப்பு."

மாதம்மாள் கையிலிருந்த லேபிளை ஒட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இறக்கினதுக்கப்புறம்தான்னு உங்களுக்கு எப்படி அண்ணே அவ்வளவு சரியாத் தோணுச்சு?"