பாதி வேக்காட்டில் இறங்கிய பானை

அன்று மடத்தில் இருந்தவர்கள் இவர்கள். மடத்தின் குரு உலகம்மை. அவருடைய சீடர் சாத்தையா. சமையல்காரர் பூவலிங்கம். செவ்வூரணிக் கரிமூட்டக் குடியிருப்பிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்திருந்த முப்பத்தெட்டு பேர். அவர்களைச் செங்கல் சூளைக்கு ஏற்றிப்போக வந்த மேஸ்திரி ஒருவர், லாரி ஓட்டுநர் ஒருவர். மொத்தம் நாற்பத்து மூன்று. கைக்குழந்தைகளும் இந்தக் கணக்கில் சேர்ந்தவர்கள்தான்.

குருவுக்கு வயது முப்பத்தொன்பது. சீடருக்கு ஐம்பத்தெட்டு. சாத்தையா நெடுங்காலம் கரி வியாபாரம் பார்த்து, மனைவி போன பிறகு மடத்துக்கு வந்தவர். நிலபுலம் பார்க்கத் தெரிந்தவர் என்பதால் அந்தப் பொறுப்பைக் குரு அவரிடமே விட்டிருந்தார்.

மேற்கே மடத்துக்குச் சொந்தமாக அறுபது ஏக்கர் நிலம். அதில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. செவ்வூரணிக்காரர்கள் அதை வெட்டி, அடுக்கி, மேலே மண் பூசி மூட்டமாக மூடி, உள்ளே நெருப்பு வைத்துக் கரியாக்கி விற்றுப் பிழைத்தார்கள்.

மாசி மாதம் அது நின்றது. நிறுத்தியவர் சாத்தையா.

கருவேலத்தை அகற்றச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. சோலார் கம்பெனி ஒன்று அந்த நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டிருந்தது. மடத்துக் கூரையோ இரண்டு மழைக்காலமாக ஒழுகிக்கொண்டிருந்தது. மூன்றையும் சேர்த்துப் பார்த்து சாத்தையா கையெழுத்துப் போட்டார். ஐப்பசியில் வேலை தொடங்கும்போது செவ்வூரணிக்காரர்கள் இருபது பேரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியும் வாங்கினார். அந்த வரிக்காக அவர் மூன்று முறை டவுனுக்குப் போய்வந்தார்.

இப்போது ஆனி மாதம்.

வேப்பமரத்தடியில் பந்தி உட்கார்ந்திருந்தது. மூன்று பிள்ளைகள் பள்ளிச் சீருடையில் இருந்தார்கள். வெளியூர் போக அவர்களிடம் வேறு நல்ல உடுப்பு இல்லை. சாத்தையாவே சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"நல்லா ஊத்துங்கய்யா," என்றாள் வில்லாயி. மூட்டம் போடுவதில் அந்தக் குடியிருப்பில் அவளை மிஞ்ச ஆளில்லை. சாத்தையாவுக்கே பல வருடம் கரி போட்டுக் கொடுத்தவள். "எங்கள வழியனுப்புறப்ப மட்டும் ருசியாப் பொங்குறீக."

"நானா போகச் சொன்னேன்? ஐப்பசியில வேலை வருது வில்லாயி."

"வரட்டும். வந்த வேலைய உக்காரவச்சு ஒரு வாய் தண்ணி குடுங்க. நாங்க சூளையில கல்லு அறுத்து முடிச்சிட்டு வாரோம்."

அவள் புருஷன் இலையிலிருந்து தலை தூக்காமல் சொன்னான்: "சும்மா இரு புள்ள. அய்யா முந்திக் கரி வித்தாக. இப்ப வெயில விக்கிறாக. யாவாரத்துல குறுக்கப் பேசாத."

பந்தி சிரித்தது. மேஸ்திரியும் சிரித்தார். சாத்தையா வாளியைக் கீழே வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனார்.

அடுக்களையில் இரண்டு விறகடுப்புகள். பெரிய அடுப்பில் வந்தவர்களுக்குச் சோறு வடித்தாயிற்று. சின்ன அடுப்பில் மடத்து மூவருக்கான அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. உலகம்மை அதன் முன்னால் குந்தியிருந்தார். பூவலிங்கம் புகைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்," என்றார் சாத்தையா.

"கேளுங்க."

"அந்த மரம் தண்ணிய உறிஞ்சுது. ஊரணி வத்துனதுக்கு அதுவும் ஒரு காரணம். எடுக்கச் சொன்னது சரிதானே?"

"சரிதான்."

"கரிப்புகையில எத்தனை பேருக்கு நெஞ்சு கெட்டுப்போச்சு. அதுக்குப் பதிலா வெயில்ல கரண்டு எடுக்கிறாக. அது?"

"அதுவும் சரி."

"குத்தகைக் காசு வந்தா மடமும் நிக்கும், இந்தச் சோறும் நெலைக்கும்."

"ஆமா."

"மூணும் சரி. மூணையும் சேத்தா ஏன் அங்க ஒரு லாரி நிக்குது?"

உலகம்மை கரண்டியால் ஒரு பருக்கை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்தார். நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தது. பாதி வேக்காடு.

"பூவலிங்கம், இந்தப் புகை உங்க கண்ணுக்கு ஆகலைல?"

"ஆகலைதான் தாயி."

"அப்ப விறகு வேணாம். கேஸ் அடுப்பு வாங்கிருவோம்." சொல்லிக்கொண்டே எரிகிற கட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டார். செம்பிலிருந்த தண்ணீரை அவற்றின் மேல் ஊற்றினார். அடுக்களை முழுக்கப் புகையும் நீராவியும் எழுந்தன.

"தாயி! அரிசி பாதியில நிக்குது!" பூவலிங்கம் பதறினார்.

"கேஸ் அடுப்பு எப்பம்மா வருது?" என்று சாத்தையா கேட்டார்.

"ஐப்பசியில."

"அதுவரைக்கும்?"

"சமாளிச்சிக்கிருவோம்."

சாத்தையாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. மாசி மாதத்தில் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து காட்டியபோது குரு கேட்டது ஒரே ஒரு கேள்விதான். அதுவரைக்கும்? 'சமாளிச்சிக்கிருவாகம்மா, பழகுன சனம்' என்று அவர் சொல்லியிருந்தார். சொல்லிவிட்டுக் கூரைக்கு ஓட்டு விலை விசாரிக்கப் போனார்.

பந்தி முடிந்தது. வந்தவர்கள் தங்கள் இலைகளைத் தாங்களே எடுத்தார்கள். ஓட்டுநர் லாரி நிழலில் சற்றுக் கண்ணயர்ந்தார். மேஸ்திரி தலைகளை எண்ணி எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுக்களையில் பானையின் கொதி அடங்கி, அரிசி அடியில் இறங்கி நின்றது. சாத்தையாவுக்குப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. நனையாத கட்டைகள் நாலைத் தேடி எடுத்தார். தென்னம்பாளையைக் கிழித்து வைத்து ஊதினார். அடுப்பு பிடிக்க வெகுநேரம் ஆயிற்று. பானை மறுபடி கொதித்தது. அவர் எரித்தார், எரித்தார். தண்ணீர் சுண்டும்வரை எரித்தார்.

உலகம்மை மூன்று இலை போட்டார்.

சோறு மேலே குழைந்து கூழாக இருந்தது. ஒரு வாய் வைத்ததும் சாத்தையாவின் பல்லில் அரிசி நறுக்கென்றது. அடுத்த வாயும் அப்படியே. பூவலிங்கம் ஒரு உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

உலகம்மை மென்றார். ஒரு பருக்கையும் ஒதுக்காமல் மென்று விழுங்கினார்.

"அம்மா, நீங்க விட்டுருங்க. வயித்த வலிக்கும்," என்றார் சாத்தையா.

"கேள்வி கேட்டது நானு. நீங்க சொன்ன பதில ஒத்துக்கிட்டதும் நானு. திங்க வேண்டியதுதான்."

அவர் இலையைப் பார்த்தபடியே கேட்டார்.

"அடுப்ப மாத்துறது தப்பாம்மா?"

"இல்ல. பூவலிங்கம் கண்ணு போயிரும். மாத்தத்தான் வேணும்."

"விறகு வச்சிருந்துருக்கணுமா?"

"எத்தனை நாளைக்கு?"

"பெறகு எதும்மா தப்பு?"

"ஒலையில அரிசி இருந்துச்சு சாத்தையா."

வெளியே லாரியின் ஹாரன் அடித்தது.

சாத்தையா கை கழுவாமல் எழுந்து ஓடினார். ஐம்பத்தெட்டு வயது உடம்பு. வேப்பமரத்தைத் தாண்டும்போதே மூச்சு வாங்கியது. பெண்கள் ஏறியிருந்தார்கள். ஆண்கள் பின்பலகையைத் தூக்கி மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வில்லாயி! எறங்கு. எல்லாரும் எறங்குங்க. ஐப்பசி வரைக்கும் வீட்டுக்கு வீடு மடம் அரிசி தரும். குத்தகைக் காசு முதல்ல உங்களுக்கு. கூரை பெறகு. நாஞ் சொல்றேன்."

யாரும் சிரிக்கவில்லை. வில்லாயி லாரியின் மேலிருந்து குனிந்து அவரைப் பார்த்தாள்.

"இத மாசியில சொல்லலையே அய்யா நீங்க."

"தோணல. இப்பச் சொல்றேன்ல?"

"மேஸ்திரிகிட்ட முன்பணம் வாங்கியாச்சு. சித்திரை முழுக்க அதத்தான் தின்னோம்."

"நான் கட்டுறேன்."

மேஸ்திரி தலையிட்டார். அதட்டவில்லை. அவரும் களைத்துப்போன மனிதராகத்தான் இருந்தார். "அய்யா, பணத்துக்கு நான் அங்க ஆளக் காட்டணும். பணத்தக் காட்டுனா என்னைய அடிப்பாக. விடுங்க."

சீருடைப் பிள்ளை ஒன்று சாத்தையாவுக்குக் கை காட்டியது. லாரி நகர்ந்தது. மேற்கே வெட்ட வெளியாகக் கிடந்த அறுபது ஏக்கரின் ஓரமாகவே அது போயிற்று. மறைக்க ஒரு மரமும் இல்லாததால் நெடுந்தூரம்வரை கண்ணுக்குத் தெரிந்தது.

அவர் திரும்பி வந்தபோது உலகம்மை இலைகளை எடுத்துப் போட்டுவிட்டுப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சாத்தையா தூணில் சாய்ந்து உட்கார்ந்தார்.

சாயங்காலம் அவருடைய போன் அடித்தது. கம்பெனி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். மரியாதையான குரல்.

"சார், உங்க ஊர்ல இருபது பேருக்கு வேலைன்னு ஒப்பந்தத்துல இருக்கு. ஆளுகளுக்கு ஐப்பசிக்கு முன்னாடியே பயிற்சி குடுக்கணும் சார். பேர் குடுத்தீங்கன்னா பதிஞ்சுக்குவோம்."

சாத்தையா போனைக் கையால் பொத்திக்கொண்டு குருவைப் பார்த்தார்.

"என்னம்மா சொல்ல?"

"உத்தேசமா எதுவும் சொல்லாதீக. போயி, இருக்கவுகள எண்ணிட்டு வந்து சொல்லுங்க."

அவர் செவ்வூரணிக்கு நடந்தார். குடியிருப்பில் பதினொரு வீடுகள். ஏழு வீடுகளின் வாசலில் தட்டியைச் சாத்தி முள்ளை இழுத்து வைத்திருந்தார்கள். ஒரு கோழி அந்த முள்ளைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. மீதி நான்கு வீடுகளின் முன்னால் அவர் நின்று நின்று எண்ணினார்.

நடக்க முடியாத கிழவர் இருவர். கிழவிகள் நால்வர். கரிப்புகையில் நெஞ்சு கெட்டுப் பாயோடு கிடந்த ஒருவர். நிறைமாதக்காரி ஒருத்தி. அவளுக்குத் துணையாக நின்றுவிட்ட அவள் மாமியார்.

ஒருவேளை யாரையாவது விட்டிருப்போம் என்று தோன்றியது. முதல் வீட்டுக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து மறுபடி எண்ணினார்.

ஒன்பது.