மிலிட்டரி சார் அனுப்பிய சிஸ்டம்

கருவேலங்காட்டை ஒட்டி ஒரு பள்ளிக்கூடம். அங்கே பிள்ளைகளின் மடிக்கணினிகள் கடையில் விற்கிற மென்பொருளை வைத்து ஓடுவதில்லை. பழைய மெஷினும் மூச்சு வாங்காமல் ஓடுகிற மாதிரி, எல்லாம் தமிழிலேயே தெரிகிற மாதிரி, அந்தப் பள்ளிக்கென்றே கணினியை ஓட்டுகிற ஒரு தனி சிஸ்டம் அவற்றுக்குள் இருந்தது. அதைக் கட்டிக் காத்தவர் மங்களேஸ்வரி டீச்சர்.

டீச்சருக்கு ஒரு சீடர். பெயர் மாசிலாமணி. பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் இருந்துவிட்டு வந்தவர், டீச்சரைவிட நன்றாகவே மூத்தவர். "இந்த வித்தைய எனக்கும் சொல்லிக் குடுங்க டீச்சர்" என்று அந்த ஜூன் மாதம்தான் வந்து நின்றார். பிள்ளைகளுக்கு அவர் மிலிட்டரி சார். டீச்சருக்கு அண்ணன்.

குலசாமி கும்பிட ஊருக்குக் கிளம்பியபோது, தாய்க்கணினியின் பாஸ்வேர்டை டீச்சர் அவரிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கணினியில் எதை வைக்கிறோமோ அதுதான் எல்லா மெஷினுக்கும் போகும்.

"புதுசா எதையும் ஒரு மெஷின்ல போட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கண்ணே. அப்புறம்தான் மத்ததுக்கு."

மாசிலாமணி தலையாட்டினார். ஆனால் மனசுக்குள் ஓர் ஆசை. டீச்சர் திரும்பி வரும்போது சிஸ்டம் குதிரையாட்டம் ஓட வேண்டும். யார் செஞ்சது என்று அவர் கேட்க வேண்டும். தேவையில்லை என்று பட்டதையெல்லாம் கழித்தார். பழையதன் மேலேயே புதியதைப் பதித்தார். ஒன்றில் போட்டுப் பார்க்கப் பொறுமையில்லை. எல்லாவற்றுக்கும் அனுப்பிவிட்டார்.

அறை முழுக்கத் திரைகள் கறுத்தன.

ஒன்றைத் தட்டினார். இன்னொன்றைத் தட்டினார். தாய்க்கணினியும் கண் திறக்கவில்லை. வேறு நகல் இருக்குமா என்று அலமாரியைத் தலைகீழாகப் புரட்டினார். இல்லை. டீச்சரின் பத்து வருஷத்து வேலை, தன் கையாலேயே போயிற்று.

திங்கட்கிழமை காலை, பள்ளிக்கூட வாசலிலேயே டீச்சரை மறித்தார்.

"டீச்சர், உங்க சிஸ்டத்தக் கொன்னுட்டேன்."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும். தாய்க்கணினியிலயும்."

"ஒண்ணுல போட்டுப் பாத்தீங்களாண்ணே?"

"இல்ல. இனிமே நான் இதத் தொட மாட்டேன் டீச்சர். உங்க மொகத்த நேரா பாத்துச் சொல்லிட்டுப் போகணும்னுதான் நின்னேன்."

டீச்சர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். "பெல் அடிக்கட்டும். உள்ள வாங்க."

பிள்ளைகள் வந்தார்கள். கறுத்த திரைகளைப் பார்த்ததும் முனீஸ்வரி குதித்தாள்.

"ஹைய்! டீச்சர், இந்த வருசம் இப்பவேவா? பொங்கலுக்கு அப்புறம்தான அழிப்பீங்க!"

ரஹீமா ஒரு மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "டீச்சர் கை இல்லடி இது. அவங்க பொறுமையா அழிப்பாங்க. இது பொசுக்குன்னு போயிருக்கு. யாரோ புது ஆளு."

எல்லாக் கண்ணும் மாசிலாமணி பக்கம் திரும்பியது.

"சாரா? தாய்க்கணினியையும் சேத்தா? குண்டு போட்ட மாதிரி போட்டிருக்கீங்க சார்!" என்றாள் முனீஸ்வரி.

மாசிலாமணி டீச்சர் பக்கம் திரும்பினார். "வருஷா வருஷம் நீங்களே அழிப்பீங்களா டீச்சர்?"

"ஆமாண்ணே."

"எதுக்கு?"

டீச்சர் பிள்ளைகள் பக்கம் கையைக் காட்டினார். கரும்பலகை ஓரமாக நாற்காலியை இழுத்துப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஊருக்கெல்லாம் பொதுவாகக் கிடைக்கிற வெறும் சிஸ்டத்தை ஒரு மெஷினில் ஏற்றினான் காளீஸ்வரன். தமிழ் எழுத்துகளைக் கொண்டுவந்து அமர்த்தினாள் முனீஸ்வரி. வேண்டாத பாரத்தை ஒவ்வொன்றாக இறக்கினாள் ரஹீமா.

"சத்தம் வரலடி."

"மொதல்ல ஸ்பீக்கர் வயரச் சொருகுடா, வெளங்காதவனே."

ஒருத்தி தப்புச் செய்தாள், இன்னொருத்தி தலையில் குட்டினாள். பாதி வழியில் எல்லாம் சரிந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். டீச்சர் நாற்காலியை விட்டு எழவில்லை. மாசிலாமணியும் சொன்னபடி கிளம்பிப் போகவில்லை. பிள்ளைகளுக்கு வயர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு கூடவே நின்றார்.

எழுந்து வந்த சிஸ்டத்தை அந்த ஒரு மெஷினிலேயே வாரம் முழுக்க ஓட்டிப் பார்த்தார்கள். அப்புறம் அதைத் தாய்க்கணினியில் ஏற்றிவிட்டு, முனீஸ்வரி நகர்ந்து இடம் விட்டாள்.

"நீங்களே அனுப்புங்க சார்."

அவர் தாய்க்கணினி முன்னால் உட்கார்ந்தார். அழுத்தினார்.

ஒரு திரை விழித்தது. பக்கத்துத் திரை விழித்தது. பின்வரிசை வரைக்கும் வெளிச்சம் கண்ணைக் குத்தாமல், தளிர் விடுகிற மாதிரி மெல்ல மெல்ல ஏறியது. பனிமலையில் எத்தனையோ விடியலைப் பார்த்த மனுஷர். இப்படி அவருக்கு உடம்பு சிலிர்த்ததில்லை.

பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு வெளியே ஓடினார்கள். அவர் டீச்சர் பக்கத்தில் போய் நின்றார். குரல் தானாகவே தணிந்தது.

"டீச்சர், இதுல நீங்க எழுதினது எது?"

"ஒரே ஒரு வரி இருந்துச்சுண்ணே. வெளிச்சம் மெதுவா வர்றதுக்கு. மொத வருஷம் எழுதினது. அழிச்சாலும் புள்ளைங்க அத அப்படியே திருப்பி எழுதிருவாங்க."

"எங்க, காட்டுங்க. கண்ணால பாத்துக்கிறேன்."

டீச்சர் ஒரு மெஷினைத் திறந்து, அந்த இடத்துக்குப் போய், விரல் வைத்துக் காட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

"இந்தத் தடவ அதையும் முனீஸ்வரி அவ பாட்டுக்கு வேற மாதிரி எழுதிட்டாண்ணே. என்னோடது ஒண்ணுமே இல்ல."