வயல் என்று எழுதக் கூடாத நாடு

கேளுங்கள் பெரியோரே, சிறியோரே. கிழக்கே செந்நதி பாயும் வியட்நாம் தேசத்தில், நம் பாட்டன்மாருக்குப் பாட்டன்மார் பிறப்பதற்கும் முன்னே, ஒரு பேரரசர் ஆண்டுவந்தார். அவர் பெயர் தியென். ஒரு சொல்லுக்கு ஓர் எழுத்து என்றிருந்த அந்நாட்டு எழுத்தில் அதற்கு வயல் என்று பொருள்.

நல்ல அரசர்தான். சட்டங்களைத் தொகுத்தார், பள்ளிகள் கட்டினார், கவிதையும் எழுதினார். ஆனால் பட்டமேறிய ஆண்டில், பழைய வழக்கப்படி, ஒரு சட்டமும் போட்டுவிட்டார். அரசரின் பெயரெழுத்தை வேறு யாரும் எழுதக் கூடாது. அரசு வேலைக்கு ஆளெடுக்கும் பரீட்சையில் எழுதினால் தாள் தள்ளப்படும். எழுதியவர் ஒன்பது ஆண்டு பரீட்சைக் கூடத்துக்குள் கால்வைக்க முடியாது.

நெல் விளையும் நாட்டில் வயலை எழுதாமல் எதை எழுதுவது? ‘கதிர் சாயும் மண்’ என்றார்கள், ‘நாற்று நடும் ஈரம்’ என்றார்கள். சுற்றி வளைக்கத் தெரிந்தவர்கள் தேறினார்கள். தெரியாதவர்கள் ஊர் திரும்பினார்கள்.

அந்தத் தாள்களைத் தள்ளிவைக்கும் வேலை தலைமைப் பரீட்சகர் தோ கியெமுடையது. ஒவ்வொரு முறையும் அவர் நெஞ்சு கனக்கும். ஆனாலும் வாய் திறந்ததில்லை.

ஓர் ஆண்டு கேட்ட கேள்வி இது: மக்கள் பசி தீர வழி என்ன?

தம்மைப் புகழ்பவர்கள் நடுவே இருந்து சலித்த பேரரசருக்கு, தம் எழுத்தின் மெய்யான தரம் தெரிய ஆசை வந்தது. வேறொரு பெயரில் விடை எழுதி, மற்றத் தாள்களோடு சேர்க்கச் சொன்னார். பெயரை மூடி ஒட்டி, எல்லாத் தாளையும் எழுத்தர்களே படியெடுப்பது அங்கே முறை. கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க வழியில்லை.

தோ கியெம் படித்துக்கொண்டே வந்தார். ஒரு தாளில், ‘வயலில் வெள்ளம் நிற்கையில் வரி கேட்டு வராதீர்கள்’ என்றிருந்தது. சேற்றில் நின்றவன் எழுதிய வரி. தள்ளிவைத்தார். இன்னொன்றில், ‘வயலை உழுதவன் உண்ட பிறகே அரண்மனை அடுப்பு எரியட்டும்’ என்றிருந்தது. அழகான வரி. அதையும் தள்ளிவைத்தார்.

மறுநாள் காலை அரண்மனை எழுத்தர் பதறி வந்தார். “ஐயா, அரண்மனை அடுப்பைப் பற்றி நீங்கள் தள்ளிய தாள் பேரரசருடையது. எடுத்து மேலே வையுங்கள்.”

“தள்ளியது நானல்ல, சட்டம்,” என்றார் தோ கியெம்.

நண்பகலில் அமைச்சர் வூ லாக் வந்தார். “ஒரு தாளுக்காகத் தலையை இழப்பீரா?”

“தள்ளியது நானல்ல, சட்டம்.” சொல்லிவிட்டு அடுத்த தாளைப் பிரித்தார்.

மாலையில் பேரரசரே நடந்து வந்தார்.

“என் எழுத்து அவ்வளவு மோசமா?”

“இல்லை பேரரசே. இந்த ஆண்டு வந்தவற்றில் அதுதான் இரண்டாவது.”

“பிறகு ஏன் தள்ளினீர்?”

தோ கியெம் அந்தத் தாளில் வயல் என்ற எழுத்தின்மேல் விரலை வைத்தார்.

“என் பெயரை நானே எழுதக் கூடாதா?”

“அரசர் எழுதலாம். பரீட்சைக்கு வந்தவர் எழுதக் கூடாது.”

பேரரசர் தம் தாளைக் கையில் எடுத்துக்கொண்டார். “முதலாவது எது?”

தள்ளிய தாள்களிலிருந்தே வெள்ளத்தைப் பற்றிய தாளை எடுத்துக் கொடுத்தார் தோ கியெம். ஒட்டிய பெயரைப் பிரித்தால், மாக் துவே என்ற உழவன் எழுதியது அது. பேரரசர் நின்றபடியே இருமுறை படித்தார்.

“இதுவரை இப்படி எத்தனை?”

“ஏழு பரீட்சைகளில் தொண்ணூற்று நான்கு.”

“என்னிடம் ஏன் சொல்லவில்லை?”

“பயந்தேன், பேரரசே. அந்தக் குற்றம் என்னுடையது.”

பேரரசர் கோபிக்கவில்லை. “குற்றத்தில் பாதி எனக்கு. பயப்படும்படி ஆண்டது நான்தானே,” என்றார். தம் தாளைத் தாமே தள்ளிய தாள்களோடு வைத்துவிட்டுத் திரும்பினார்.

மறுநாள் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. தோற்று ஊர் திரும்பியவர்களைத் தேடி ஆளனுப்பினார்கள். மாக் துவே முதலிடம் பெற்றார். வெள்ளக் காலத்தில் வரி இல்லை என்ற சட்டத்தை எழுதியது அவர் கைதான்.

எல்லோருக்கும் தடையை நீக்கிய பேரரசர் தமக்கு மட்டும் நீக்கிக்கொள்ளவில்லை. ஒன்பது ஆண்டு அவர் பரீட்சைக் கூடத்துக்குள் கால்வைக்கவே இல்லை.

பிறருக்கு இட்ட விதியின் பாரத்தைத் தன் தோளிலும் சுமந்து பார்ப்பவனுக்கே அது நல்ல விதியா கெட்ட விதியா என்று தெரியும்.